எட்டுக்கால் ஐ.சி.

"டீச்சர், கோவிச்சுக்கக் கூடாது. என் கையில எப்ப வேலையைக் குடுப்பீங்க?"

கேட்டவர் தவமணி. வயது ஐம்பத்து நாலு. முப்பது வருடம் டி.வி. மெக்கானிக்காக இருந்தவர். வீட்டுக்கு வீடு டி.வி. மாறிப்போய், ரிப்பேருக்கு ஆள் வராமல் போனதும் கடையை மூடினார். செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து உள்ளே இருப்பதை மீட்டெடுக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ளலாம் என்று மதுரை டவுன்ஹால் ரோட்டுச் சந்து ஒன்றில் இரண்டு மாடி ஏறி வந்தார். வந்து ஐந்து மாதம் ஆகிறது.

அவர் டீச்சர் என்று கூப்பிட்ட கடைக்காரர் ஜுலைகாவுக்கு வயது முப்பத்து மூன்று.

"பேரைச் சொல்லியே கூப்பிடுங்கண்ணே" என்று முதல் நாளே ஜுலைகா சொல்லிப் பார்த்தார். தவமணிக்கு வாய் வரவில்லை. சொல்லிக்கொடுக்கிறவர் டீச்சர்தானே என்று முடித்துவிட்டார்.

"ஈயம் உருக்குன கை டீச்சர் இது. அஞ்சு மாசமா ஸ்க்ரூ மட்டும் கழட்டிக்கிட்டிருக்கு."

ஜுலைகா இழுப்பறையைத் திறந்து இரண்டு பச்சை போர்டுகளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். உள்ளங்கை அகலம். ஹார்ட் டிஸ்க்கின் அடியில் திருகி வைத்திருப்பார்களே, அந்த சர்க்யூட் போர்டுகள்.

"இது ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லுங்கண்ணே. அன்னிக்கே குடுத்துடறேன்."

முதல் நாள் முழுக்கத் தவமணி லென்ஸை வைத்துக்கொண்டு பார்த்தார். இரண்டிலும் அச்சடித்திருந்த எண் ஒன்றேதான். ஐ.சி. என்கிற கறுப்புச் சில்லுகள் ஒன்று. கோடுகள் ஓடும் வழி ஒன்று.

"வித்தியாசமே இல்ல டீச்சர்."

"சரி. நாளைக்கும் பாருங்க."

இரண்டாம் நாள்.

"இதுல ஓரமா ஒரு கீறல் இருக்கு."

"அது நான் கீழ போட்டப்ப விழுந்தது."

மூன்றாம் நாள் சாயங்காலம் லென்ஸைக் கழற்றி வைத்தார்.

"அச்சு அசல் ஒண்ணு டீச்சர். நீங்க என்னையக் கிண்டல் பண்றீங்க."

"டீ சொல்லட்டுமா?" என்றார் ஜுலைகா.

*

மறுநாள் வியாழக்கிழமை. ஜுலைகாவின் மகள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம்.

"யாராச்சும் வந்தா வாங்கி வைங்கண்ணே. பன்னெண்டுக்குள்ள வந்துடுவேன்."

பத்து மணிக்கு ஒரு கணவனும் மனைவியும் படியேறி வந்தார்கள். மனைவிக்கு மூச்சு வாங்கியது. கணவர் நல்ல உயரம். விறைப்பான நடை. கழுத்தைச் சுற்றி ஒரு கைக்குட்டை. அதன்மேல் ஒரு விசில் தொங்கியது.

"என் பேரு எஸ்தர். இவரு பாக்கியநாதன். பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆனாரு."

தவமணி வணக்கம் வைத்தார். பாக்கியநாதன் விசிலை எடுத்து ஒரு குட்டி ஊதல் ஊதினார்.

"குட்டியா ஊதினா ஆமா. நீளமா ஊதினா இல்ல" என்றார் எஸ்தர். "தொண்டையில கட்டி சார். போன ஆகஸ்ட்ல ஆபரேஷன் பண்ணி, குரலையே எடுத்துட்டாங்க."

பையிலிருந்து ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல வைத்தார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி மூணு வாரம் உக்காந்து இவரு பேசிப் பதிவு பண்ணினாரு. ஆயிரத்து நானூறு வாக்கியம். எல்லாம் இதுலதான் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நான்தான் பேரு டைப் அடிச்சேன். அதையெல்லாம் குடுத்தா, இவரு குரல்லயே போன் பேசற மாதிரி செஞ்சு தர்றேன்னு ஒரு இன்ஜினியர் தம்பி சொல்லியிருக்கு. அடுத்த வாரம் அனுப்பணும்."

"வேற எதுலயாச்சும் காப்பி இருக்கா?"

நீளமான விசில்.

"நான்தான் சார் கெடுத்துட்டேன்" என்றார் எஸ்தர். "நேத்து லேப்டாப் சார்ஜரை இதுல சொருகிட்டேன். ஓட்டை ஒண்ணு போலத்தான் இருந்துச்சு. புஸ்ஸுன்னு ஒரு புகை. அவ்வளவுதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவருக்கு என் மேல கோவம்."

பாக்கியநாதன் நீளமாக ஊதினார். இன்னொரு முறையும் ஊதினார்.

"விசில்ல எனக்கு என்னத்தத் தெரியும்?" என்றார் எஸ்தர்.

*

வாங்கி வைத்தால் போதும் என்றுதான் தவமணி நினைத்தார். ஆனால் அந்த அம்மா அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பெட்டியைத் திறந்தார். ஹார்ட் டிஸ்க்கைப் புரட்டினார். போர்டில் மின்சாரம் நுழையும் இடத்தில் மிளகளவுக்குக் கருகியிருந்தது. முப்பது வருடத்தில் இப்படி எத்தனை பார்த்திருக்கிறார்.

போர்டின் எண்ணைப் பார்த்தார். மூன்று நாளாக உற்று உற்றுப் பார்த்த அதே எண்.

இழுப்பறையில் இருந்த இரண்டில் ஒன்றை எடுத்தார். பழையதைக் கழற்றினார். ஆறு ஸ்க்ரூ. புதியதை வைத்தார். ஆறு ஸ்க்ரூ. கச்சிதமாக உட்கார்ந்தது. கரண்ட் கொடுத்தார்.

உள்ளே தட்டு சுழலும் சத்தம் மெல்ல ஏறியது.

பாக்கியநாதன் விசிலை வாயில் வைத்துக் கப்பு வாங்கிய டீமுக்கு ஊதுவது போல ஊதினார். எஸ்தர் சிரித்தேவிட்டார்.

டக்.

டக். டக்.

தவமணியின் கை தானாகப் போய் சுவிட்சை அணைத்தது.

"என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. டீச்சர் வந்து பார்க்கணும். நாலு மணிக்கு வாங்க."

அவர்கள் போனபிறகும் அந்த டக் டக் அவர் காதிலேயே இருந்தது. டிஸ்க்குக்கு உள்ளேயும் கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கருகிய போர்டு மேஜைமேல் கிடந்தது. எடுத்துக் கழிவுச் சாக்கில் போட்டார்.

பதினோரு மணிக்குப் பழைய சாமான்காரர் வந்தார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

*

ஜுலைகா வந்ததும் தவமணி ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

ஜுலைகா நின்றபடியே கேட்டார்.

"டக் டக்னு எத்தனை தடவை அடிச்சுச்சு?"

"மூணு. உடனே நிறுத்திட்டேன்."

"நல்ல வேளை. இன்னும் ஓடியிருந்தா உள்ள தட்டே கீறியிருக்கும்." கைப்பையை இறக்கி வைத்தார். "பழைய போர்டு எங்கண்ணே?"

"அதான் கருகிப்போச்சே டீச்சர். சாக்குல போட்டேன்."

"சாக்கு எங்க?"

தவமணி வாசலைப் பார்த்தார். அப்புறம் ஜுலைகாவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை. ஆனால் அதுவரை அவர் பார்க்காத ஏதோ ஒன்று இருந்தது.

ஜுலைகா இறக்கி வைத்த பையை மறுபடி எடுத்தார்.

"வாங்க. வண்டியில பின்னால உக்காருங்க."

வைகைக் கரையோரம் பழைய சாமான் கிட்டங்கி. அன்று காலையில் பல கடைகளிலிருந்தும் வந்த சாக்குகளை ஒன்றாகக் கொட்டியிருந்தார்கள். பச்சை போர்டுகள் இடுப்பளவு குவிந்து கிடந்தன. கம்ப்யூட்டர், டி.வி., போன், வாஷிங் மெஷின், எல்லாவற்றின் வயிறும் அங்கே இருந்தது.

கிட்டங்கிக்காரர் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"எதைத் தேடறீக?"

"ஒரு மனுசனோட குரலை" என்றார் ஜுலைகா.

அவர் இரண்டு முக்காலி கொண்டுவந்து போட்டார்.

*

ஒரு மணி நேரம் தேடினார்கள். தவமணிக்கு அதற்குமேல் வாய் சும்மா இருக்கவில்லை.

"கருகுன போர்டு எதுக்கு டீச்சர்? அதான் அச்சு அசலா நல்ல போர்டு வச்சேனே."

"அது ஓரத்துல எட்டுக்கால் வச்ச ஒரு குட்டி ஐ.சி. இருக்குமே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன். எட்டுக்கால் பூச்சி மாதிரி. ரெண்டுலயும் ஒண்ணுதான்."

"வெளிய ஒண்ணுதான்." ஜுலைகா ஒரு போர்டை உதறிப் பார்த்துவிட்டுத் தள்ளினார். "கம்பெனியில ஒவ்வொரு டிஸ்க்கையும் பூட்டினப்புறம் அதைத் தனியா ஓட விடுவாங்கண்ணே. தட்டைப் படிக்கற முள்ளு எவ்வளவு உயரத்துல பறக்குது, எந்தப் பக்கம் லேசாச் சாயுது, எவ்வளவு மெதுவாத் தொட்டா அது பேசும், எல்லாத்தையும் அளந்து அந்த எட்டுக்கால்ல எழுதி வச்சுடுவாங்க. ஒண்ணோட அளவு இன்னொண்ணுக்கு இருக்காது."

தவமணியின் கை நின்றது.

"அப்ப நான் வச்ச போர்டு..."

"வேற ஒரு தட்டோட பழக்கத்தை வச்சுக்கிட்டு இந்தத் தட்டைத் தொட்டுச்சு. இது பதில் சொல்லல. அதான் டக் டக்."

"கருகுன போர்டுக்குள்ள அந்த ஐ.சி. உசுரோட இருக்குமா?"

"பெரும்பாலும் இருக்கும். கரண்ட் வர்ற வாசல்தான் கருகும். அது உள்ள தள்ளி உக்காந்திருக்கு."

தவமணி குவியலிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அந்த ரெண்டு போர்டுக்கும் இதுதான் வித்தியாசமா டீச்சர்?"

"ஆமாண்ணே."

"அது கண்ணுக்கே தெரியாதே. அப்புறம் எதுக்கு மூணு நாளாப் பார்க்க விட்டீங்க?"

ஜுலைகா இன்னும் ஒரு கை அள்ளி மடியில் போட்டுக்கொண்டார்.

தவமணி முணுமுணுத்துக்கொண்டே குனிந்தார். குனிந்தவர் கையை நீட்டி ஒரு போர்டை உருவினார். அதே வகை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று ஓரத்தை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தது. அதுவும் அதேதான். எண்ணைப் படிக்கவே தேவைப்படவில்லை. மூன்று நாள் பார்த்த முகம். குவியலுக்குள் எங்கே தலை நீட்டினாலும் கண் போய்ப் பிடித்துக்கொண்டது.

அவர் ஜுலைகாவைத் திரும்பிப் பார்த்தார். ஜுலைகா வேலையில் இருந்தார்.

இரண்டு மணிக்குள் அந்த வகையில் பதினேழு போர்டு சேர்ந்தது. பதினேழில் கருகியது நான்கு. நான்கும் ஒரே இடத்தில்தான் கருகியிருந்தன.

"இதுல நம்மளது எதுண்ணே?"

"தெரியலையே டீச்சர். நான்தான் கழட்டினேன். ஆனா பார்த்து வைக்கலையே."

ஜுலைகா நான்கையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

தவமணி ஒரு போர்டை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மோந்தார். வைத்தார். அடுத்ததை மோந்தார். கிட்டங்கியில் ஒயரிலிருந்து தாமிரம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"பெருசு பூ வாங்க வந்திருக்கு போல!"

மூன்றாவதை மோந்ததும் தவமணி கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுதான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"மத்ததெல்லாம் கருகி மாசக்கணக்காச்சு. அழுக்கு வாடைதான் வருது. இது நேத்துக் கருகுனது. டி.வி. ரிப்பேருக்குப் போற வீட்டுல வாசப்படியிலயே சொல்லிருவேன் டீச்சர், எது எப்பப் புகைஞ்சதுன்னு."

ஜுலைகா போர்டை வாங்கி மோந்து பார்த்தார். மற்ற மூன்றையும் மோந்தார். தலையை ஆட்டினார்.

"எனக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. நீங்க சொன்னாச் சரி."

*

கடைக்கு வந்ததும் ஜுலைகா வெப்பக் காற்றுத் துப்பாக்கியைச் சூடேற்றினார். இடுக்கியைத் துடைத்தார். லென்ஸ் விளக்கைப் போட்டார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார்.

"உக்காருங்கண்ணே."

"யாரு, நானா?"

"ஐ.சி.யை எடுத்து மாத்துங்க."

தவமணி பின்வாங்கினார்.

"வேணாம் டீச்சர். காலையில நான் பண்ணின காரியம் போதும். பாருங்க, கை நடுங்குது."

"நேத்து நடுங்கலை. அதான் குடுக்கல."

தவமணி உட்கார்ந்தார்.

முதலில் நல்ல போர்டிலிருந்து அதன் எட்டுக்காலை எடுத்தார். ஈயம் பளபளவென்று இளகியதும் இடுக்கியால் தூக்கினார். தூக்கியதை மேஜை ஓரத்தில் வைக்கப்போனவர், நிறுத்தினார். ஒரு சின்ன உறையில் போட்டார். அது எந்தப் போர்டிலிருந்து எடுத்தது என்று அதன்மேல் எழுதினார். எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

பிறகு கருகிய போர்டு. காற்றைக் கொஞ்சம் தள்ளியே பிடித்தார். எட்டுக் கால்களும் ஒன்றாக விட்டன. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய அந்தக் கறுப்புத் துண்டைப் புது இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார். எட்டுக் கால்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆற விட்டார்.

ஆறு ஸ்க்ரூ.

"கரண்ட் குடுக்கட்டுமா டீச்சர்?"

"குடுங்க."

தட்டு சுழன்றது. சத்தம் ஏறியது. ஏறி, ஓரிடத்தில் நின்று, சீராக ஓடியது.

இரண்டு பேரும் டக் என்ற சத்தத்துக்காகக் காதைக் கொடுத்தார்கள்.

வரவில்லை.

திரையில் வரிசை வரிசையாகப் பெயர்கள் எழும்பின. எல்லாம் எஸ்தர் அடித்தவை. தண்ணீர் வேண்டும். ஃபேனைக் குறை. கதவைப் பூட்டினாயா. மீனில் உப்பு இல்லை. எஸ்தர் என் கண்ணாடி எங்கே. தவமணி ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். ஒரு மனிதர் தன் மிச்ச வாழ்க்கைக்கு என்னவெல்லாம் பேச வேண்டியிருக்கும் என்று உட்கார்ந்து யோசித்து எடுத்து வைத்த பட்டியல்.

"மொதல்ல காப்பி எடுங்கண்ணே. அப்புறம் படிக்கலாம்" என்றார் ஜுலைகா.

*

நாலு மணிக்குப் படியில் விசில் சத்தம் கேட்டது.

எஸ்தர் உள்ளே வந்ததும் ஜுலைகாவின் முகத்தைத்தான் பார்த்தார்.

"எல்லாம் வந்துடுச்சும்மா. ஒண்ணுகூடக் குறையல. வேற ஒரு டிஸ்க்குலயும் போட்டு வச்சிருக்கோம்."

எஸ்தர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். பாக்கியநாதன் ஊதவில்லை. விசில் கையிலேயே இருந்தது.

ஜுலைகா அதோடு நிறுத்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே, கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த புறாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தவமணி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"சார். அம்மா. ஒரு விஷயம் சொல்லணும்."

இருவரும் திரும்பினார்கள்.

"காலையில டீச்சர் இல்லாதப்ப, தெரியாத வேலையில நானாத்தான் கை வச்சேன். உங்க குரலைத் திறக்கற போர்டை நான்தான் குப்பையில போட்டேன். அது பழைய சாமான் கடைக்குப் போயிருச்சு. டீச்சர் கூட்டிக்கிட்டுப் போய்த் தேடி எடுத்தாங்க. கிடைக்காமப் போயிருந்தா..."

தலை கவிழ்ந்தது. தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் எரிச்சேன். நீங்க குப்பையில போட்டீங்க" என்றார் எஸ்தர் மெல்ல. "நல்லாத்தான் சேர்ந்தோம்."

பாக்கியநாதன் மேஜைக்கு வந்தார். மவுஸைப் பிடித்தார். பட்டியலில் மேலிருந்து கீழே இறங்கினார். நெடுநேரம் தேடினார். மவுஸின் சக்கரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது நின்றது.

ஒரு சொடுக்கு.

அறை முழுக்கக் கரகரத்த ஒரு பெரிய குரல் எழுந்தது. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். அதைத் தணித்துத் தணித்துப் பேசியிருந்தார்.

"பரவாயில்ல. விடு."

எஸ்தர் விம்மினார். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.



மறுபடியும் சொடுக்கும் சத்தம்.

"பரவாயில்ல. விடு."

தவமணியின் குனிந்த தலை நிமிரவில்லை. செருப்பு அவருக்கு மங்கலாகத் தெரிந்தது.

அதற்கப்புறம் எஸ்தரே மவுஸை வாங்கிக்கொண்டார். மீனில் உப்பு இல்லை என்பதைப் போட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஆபரேஷனுக்குப் போற ஆளு இதையும் மறக்காமப் பதிஞ்சிருக்காரு பாருங்க" என்று எல்லாரிடமும் புகார் சொன்னார். பாக்கியநாதன் குட்டியாக ஊதினார். எஸ்தர் அழுதுகொண்டே சிரித்தார்.

பெட்டியைக் கணவரிடம் கொடுக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

*

ஜுலைகா டீ சொன்னார். இருவரும் குடித்தார்கள். மேஜைமேல் வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. தவமணி கண்ணாடி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணே."

"சார் அந்த அம்மாகிட்டதானே சொன்னாரு, பரவாயில்லன்னு? நேத்துலேருந்து சொல்ல முடியாமத் தவிச்சிருப்பாரு, பாவம். எனக்கும் அதுல கொஞ்சம் பங்கு இருக்குமோன்னு ஒரு நெனப்பு. தப்பா?"

ஜுலைகா டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரெண்டு தடவை சொன்னாருண்ணே. நீங்கதான் தலையைத் தூக்கவே இல்ல."